மந்திரத்துக்கும் கணக்கு உண்டு

ஒரு கற்பனை உலகம். அங்கே ஒரு மந்திரவாதி கையை அசைத்தால் மூட்டை மூட்டையாக அரிசி கொட்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது என் கேள்வி: அந்த ஊரில் எவனாவது நாற்று நடுவானா? ஏரியைத் தூர் வாருவானா? அரிசிக்கு விலை என்று ஒன்று இருக்குமா? விலை இல்லாவிட்டால் சந்தை ஏது, சந்தை இல்லாவிட்டால் ஊர் ஏது? ஊரே இல்லாத இடத்தில் வாளைத் தூக்கிக்கொண்டு வரும் வீரன் எதைத்தான் காப்பாற்றப் போகிறான்?

பி.காம் படிக்கிறவனுக்கு இப்படித்தான் தோன்றும், மன்னிக்கவும் :-) ஆனால் இது வெறும் வணிகவியல் குறும்பு இல்லை. பாத்திரம் ஏற்று விளையாடும் ஆர்.பி.ஜி. விளையாட்டுகளை உருவாக்குகிறவர்கள் ஐம்பது ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இது. அன்றாட வாழ்க்கை எவ்வளவு இருக்க வேண்டும், மாயம் எவ்வளவு இருக்க வேண்டும்? மாயம் கூடினால் எதற்கும் மதிப்பில்லை. நடைமுறை கூடினால் விளையாட்டு மளிகைக்கடை நோட்டு மாதிரி ஆகிவிடும்.

இதற்கு நான் பார்த்தவரையில் மிக நல்ல பதில் நம்ம ஊர்ப் பக்கமே இருக்கிறது. சேலம், நாமக்கல்லில் தொடங்கி காவிரியைத் தாண்டி மணப்பாறை வரைக்கும் உடுக்கை அடித்துப் பாடப்படுகிற அண்ணன்மார் கதையைத்தான் சொல்கிறேன். அதற்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

பந்தம் ஒரு மணி நேரம் எரியும்

1974-ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஒரு மேசை, சில தாள்கள், பென்சில், பகடைகள். ஒருவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். பகடை முடிவு சொல்லும். இன்று நாம் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஆடும் ஆர்.பி.ஜி. விளையாட்டுகளில் பெரும்பாலானவை இதன் பேரப்பிள்ளைகள்.

இந்த விளையாட்டு பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. அதனால் கணக்குப் பார்க்கும் பழக்கம் ரத்தத்திலேயே வந்துவிட்டது. எவ்வளவு சுமை தூக்கலாம் என்பதைத் தங்கக் காசின் எடையில் கணக்கிட்டார்கள். குகைக்குள் கொண்டுபோகும் பந்தம் ஒரு மணி நேரம் எரியும். சாப்பாடு, விளக்கெண்ணெய், கயிறு, கூலியாட்களின் சம்பளம் எல்லாவற்றுக்கும் கணக்கு. புதையலைத் தூக்குவதா, திரும்பி வருவதற்கான பந்தத்தைத் தூக்குவதா என்று தவிக்கும் நேரத்தில்தான் உண்மையில் விளையாட்டு நடக்கிறது.

மந்திரத்துக்கும் அதே கண்டிப்பு. ஒரு மந்திரத்தைச் சொன்னதும் அது மனதிலிருந்து அழிந்துவிடும், மறுபடி உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டும். ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்து எடுத்த யோசனை இது. 1970-களின் இறுதியில் வந்த விரிவான விதிப்புத்தகங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஓட்டத்தை வேகப்படுத்தும் மந்திரத்தை ஒருவன்மேல் போட்டால் அவனுக்கு ஒரு வயது கூடிவிடும். செத்தவனை எழுப்பலாம், ஆனால் எழுந்தவனின் உடல் வலு நிரந்தரமாக ஒரு புள்ளி குறையும்.

இதைப் படித்தபோது எனக்கு முதலாமாண்டு கணக்குப்பதிவியல் பாடம்தான் நினைவுக்கு வந்தது. 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பாச்சியோலி அச்சில் விளக்கிய இரட்டைப்பதிவு முறையின் அடிப்படை ஒரு வரிதான்: ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு வேண்டும். எங்கிருந்தும் வராமல் எதுவும் வந்துவிடாது. நல்ல விளையாட்டு மந்திரத்தையும் இந்த விதிக்குள் கொண்டுவருகிறது.

ஆனால் ஒரு குறை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் கணக்கு பெரும்பாலும் வீரனின் சட்டைப்பைக் கணக்கு. உலகத்தின் கணக்கு அதில் குறைவு. குகையிலிருந்து வீரர்கள் மூட்டை மூட்டையாகத் தங்கத்தைக் கொண்டுவந்து ஊரில் கொட்டினால் விலைவாசி என்னாகும்? கைகாக்ஸுக்கும் இது தெரிந்திருக்கிறது. தன் பட்டியலில் விலைகள் ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு அலாஸ்காவில் தங்கத்தைத் தேடி மக்கள் ஓடிய காலத்தை உதாரணம் காட்டியிருக்கிறார். அந்த விளக்கம் அதோடு நின்றுவிடுகிறது. அந்தக் குகை யாருடைய நிலத்தில் இருந்தது, உள்ளே இருந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன பாக்கி என்ற கேள்விகள் எழவில்லை.

மலைமேல் பாவை, கீழே சந்தை

இனி நம்ம ஊர். நாமக்கல், ராசிபுரம் பக்கம் இருப்பவர்கள் தலையைத் தூக்கினால் கொல்லிமலை. சமவெளியில் நடப்பதெல்லாம் கணக்கு வழக்கு: லாரிக்கு பாடி கட்டுவது, கோழிப்பண்ணை, முட்டை விலை, மரவள்ளிக் கிழங்கு, ஜவ்வரிசி ஆலை. ஜவ்வரிசி விற்பதற்கென்றே சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் 1981-ல் தொடங்கப்பட்டது. மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் சித்தர்கள், மூலிகைகள், கொல்லிப்பாவை.

கொல்லிப்பாவை இன்று நேற்று வந்த கதை இல்லை. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அவள் இருக்கிறாள். கொல்லிமலையில் தெய்வம் செய்து வைத்த பெண் உருவம், காற்றும் மழையும் இடியும் பூகம்பமும் தாக்கினாலும் அழகு குலையாது என்பது சங்கப் புலவர்கள் சொன்னது. தன்னைப் பார்த்தவர்களை மயக்கிச் சிரித்தே கொல்லும் பாவை என்று பிறகு கதை வளர்ந்தது. மலைமேல் இருக்கும் எட்டுக்கை அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்று இன்றும் பலர் கும்பிடுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மாயத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது. அவள் மலையில் இருக்கிறாள். நாமக்கல் சந்தைக்கு வந்து சிரிப்பதில்லை. அவளைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் ஏற வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பாதுகாப்பான ஊரும் ஆபத்தான பாதாளமும் எப்படிப் பிரிந்திருக்கின்றனவோ, அதே மாதிரி இங்கே சமவெளியும் மலையும்.

அந்த மலையின் தலைவன் வல்வில் ஓரி. புறநானூற்றில் வன்பரணர் அவனுடைய வேட்டையைப் பாடியிருக்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்துப்போய்க் கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் தைத்து நின்றது. நடக்கக்கூடிய காரியமா? இல்லை. ஆனால் அது மந்திர அம்பு என்று புலவர் சொல்லவில்லை. எந்த மிருகத்துக்குப் பிறகு எந்த மிருகம் என்று வரிசையாகச் சொல்லி, பெரியதில் தொடங்கிச் சின்னதில் முடிக்கிறார். வேகம் குறைந்துகொண்டே வரும் அம்பு கடைசியில் உடும்போடு நின்றுவிடுகிறது. யானைக்குப் பிறகு இன்னும் பத்து யானை என்று பாடியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்த உடும்புதான் நம்ப வைக்கிறது. அவ்வளவு பெரிய வில்லாளியும் பிறகு மலையமான் திருமுடிக்காரியின் கையில் சாகிறான், கொல்லிமலை சேரன் கைக்குப் போகிறது. அதிசயமான வில் அவனைக் காப்பாற்றவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-ல் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று சொல்லப்படுவது. ஏற்காடு சாலையில் ஸ்டுடியோவின் வளைவு இன்னும் நிற்கிறது. அந்தக் கதையின் மூலத்தை யோசித்துப் பாருங்கள். 1709-ல் பாரிஸ் நகரத்தில் ஹன்னா தியாப் என்ற சிரியாக்காரர் அந்துவான் கல்லான் என்ற மொழிபெயர்ப்பாளருக்குச் சொன்ன கதை அது. அதில் மொத்தமே ஒரே ஒரு மந்திரம்தான்: கடவுச்சொல் சொன்னால் குகை திறக்கும். மற்றதெல்லாம் நடைமுறை. அண்ணி இரவல் கொடுத்த மரக்காலின் அடியில் ஒட்டும்படி எதையோ தடவி வைக்கிறாள், அதில் ஒட்டிக்கொண்ட ஒரு தங்கக் காசு எல்லா ரகசியத்தையும் உடைக்கிறது. கதவைத் திறந்தது மந்திரம். கதையை நகர்த்தியது மரக்கால்.

ஒரு குடும்பத்தின் பேரேடு

இப்போது அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் என்ற இரட்டையர், அவர்கள் தங்கை தங்காள். கொங்கு நாட்டில் தெய்வங்களாகக் கும்பிடப்படுகிறவர்கள். ஊருக்கு ஊர், பாடகருக்குப் பாடகர் கதை மாறும். கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது, ஒரு பாடகர் பல இரவுகள் பாடியதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982-ல் 'தி த்ரீ ட்வின்ஸ்' என்ற அவருடைய ஆய்வு நூல் வந்தது. தமிழில் சக்திக்கனல் பதிப்பித்த 'அண்ணன்மார் சுவாமி கதை' 1970-களில் வந்தது. நான் கீழே சொல்வது பெரும்பாலும் பெக் பதிவு செய்த வடிவத்தை ஒட்டியது.

கதை தொடங்குவது போரில் இல்லை, வேலியில். முன்னோரான கோளாத்தா கரும்புத் தோட்டத்தைக் காக்கக் கூர்முனை வைத்து வேலி போடுகிறார். எந்த விவசாயியும் செய்கிற காரியம்தான். மேய வந்த பசுக்கள் அந்த முனையில் குத்துப்பட்டுச் சாகின்றன. குடும்பத்துக்கு ஏழு தலைமுறைக்குப் பிள்ளை இல்லை என்று சாபம் விழுகிறது.

பாருங்கள், இந்தக் கதையின் முதல் பெரிய மாயம் ஒரு பயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கையின் விளைவு! பசுவின் சாவு பற்றில் எழுதப்படுகிறது. அதைத் தீர்க்க யாராவது வரவு வைத்தாக வேண்டும்.

வைப்பவள் தாமரை. பொன்னர் சங்கரின் தாய். பிள்ளை வேண்டி 21 ஆண்டுகள் தவம் இருக்கிறாள். சிவன் அவளைப் பலமுறை சாகடித்துச் சாகடித்து எழுப்புகிறார். கடைசியில் பிள்ளைகள் கிடைக்கிறார்கள், ஆனால் 16 வயதுவரைதான் என்ற நிபந்தனையோடு. 21 ஆண்டுகள் கொடுத்து 16 ஆண்டுகள் வாங்கியிருக்கிறாள். லாப நஷ்டக் கணக்கு பார்த்தால் நஷ்டம்தான். எந்தத் தாயும் இந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொள்வாள் என்பதுதான் கேட்கிறவர்களைக் கலங்க வைக்கிறது. அதற்குப் பிறகு கதையில் நடக்கும் ஒவ்வொரு சின்ன விஷயத்திலும் அந்த 16 இருக்கிறது. பையன்கள் வளர வளர இருப்பு குறைகிறது. விளையாட்டில் எரிந்துகொண்டே இருக்கும் பந்தம் மாதிரி.

நடுவில் வரும் சின்னக் கட்டங்களும் இப்படித்தான். பங்காளிகள் விதை கேட்டு வந்தவருக்கு வறுத்த விதையைக் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உதவி, உள்ளே துரோகம். விவசாயம் தெரிந்தவனுக்குத்தான் இதன் கொடூரம் புரியும்: ஒரு பருவமே போய்விடும். தெய்வம் தலையிட்டு அந்த விதையை முளைக்க வைக்கிறது. ஆனால் உழுததும் விதைத்ததும் காவல் இருந்ததும் மனிதர்கள்தான். தெய்வம் நேராக நெல்லைக் கொண்டுவந்து களத்தில் கொட்டுவதில்லை. இன்னொரு இடத்தில் பொன் முலாம் பூசிய வள்ளத்தைக் காட்டி ஓர் ஆசாரி பொன்னரை ஏமாற்றப் பார்க்கிறான். வள்ளம் என்பது கொங்கு நாட்டில் தானியம் அளக்கும் பாத்திரம். தெய்வக் கதையில் வில்லத்தனத்துக்கு ஓர் அளவுப் பாத்திரம்! கேட்கிறவர்கள் அறுவடைக்கு அறுவடை அளந்து கொடுத்தவர்கள், அளந்து வாங்கியவர்கள். அளவையில் ஏமாற்று என்றால் அவர்களுக்கு வயிற்றில் அடித்த மாதிரி இருந்திருக்கும்.

ஆகவே இந்தக் கதையில் நடைமுறை ஒரு பக்கமும் மாயம் ஒரு பக்கமும் வைத்து எடை போடவே இல்லை. நடைமுறை வாழ்க்கையில் தீர்க்காமல் விட்ட கடன்தான் மாயமாகத் திரும்பி வருகிறது. என் கருத்து இதுதான்.

கொம்பன் யார் பக்கம்?

இந்தக் கண்ணோடு பார்த்தால் கதையின் பெரிய மிருகமான கொம்பன் பன்றி வேறு மாதிரி தெரியும். காட்டில் வேட்டுவர்களிடம் வளர்ந்த ராட்சதப் பன்றி அது. வந்து வயல்களை நாசம் செய்கிறது, ஏரிக்கரையை உடைக்கிறது. சாதாரண விளையாட்டில் இது 'பாஸ்'. இத்தனை புள்ளி உயிர், கொன்றால் இத்தனை பரிசு, முடிந்தது கதை.

ஆனால் அது எதைத் தாக்குகிறது என்று பாருங்கள். அரண்மனையை இல்லை, வயலையும் ஏரியையும். காட்டை வெட்டித்தான் வயல். ஓடையை மறித்துத்தான் ஏரி. உழவர்கள் பொன் விளையும் நாடு என்று பாடும் நிலம், வேட்டுவர்களுக்கு ஒரு காலத்தில் வேட்டைக்காடு. அந்தப் பாக்கியைக் கேட்கத்தான் கொம்பன் வருகிறது என்று நான் படிக்கிறேன். பாடகர் உழவர் தரப்பில் நின்றுதான் பாடுகிறார். ஆனாலும் பன்றிக்கு அவ்வளவு பெரிய உருவத்தைக் கொடுத்திருக்கிறார். கடன் பெரியது என்று கதைக்குத் தெரிந்திருக்கிறது.

கொம்பனை வெல்லும் விதமும் அப்படியே. பெரிய படை கிளம்புகிறது. பொன்னாச்சி என்ற குட்டிப் பெண் நாயை மட்டும் மதிக்காமல் விட்டுவிட்டுப் போகிறார்கள். படை நோய்வாய்ப்பட்டு விழுகிறது. அந்த நாயை மரியாதையாக அழைத்து வந்த பிறகுதான் காரியம் நடக்கிறது. அதுதான் பன்றியின் பின்பக்கமாகப் போய்க் கடிக்க வேண்டிய இடத்தில் கடிக்கிறது (எங்கே என்று கேட்காதீர்கள்), அதன்பிறகு சங்கரின் ஈட்டி பாய்கிறது. வீட்டில் சோறு வைக்கும் நாய்க்குக்கூட பாக்கி வைக்காதே என்கிறது கதை.

இந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். உழவர்களின் வாரிசாகத் தங்களை நினைப்பவர்களும் வேட்டுவர்களின் வாரிசாகத் தங்களை நினைப்பவர்களும் இன்று இதே மாவட்டங்களில், ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறோம். நாளை யாராவது இந்தக் கதையை விளையாட்டாகச் செய்து, வேட்டுவர்களைக் கொன்றால் புள்ளி கிடைக்கும் எதிரிக் கூட்டமாக்கினால், அது யாரோ ஒருவரின் தாத்தாவைக் கொல்லும் விளையாட்டு. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் 'ஆர்க்' போன்ற இனங்களைப் பிறவியிலேயே கெட்டவர்களாகக் காட்டுவது சரியா என்று நீண்ட காலம் விவாதம் நடந்தது. 2020-ல் அதன் வெளியீட்டாளர்களே அந்தச் சித்திரிப்பை மாற்றிக்கொள்வதாக அறிவித்தார்கள். அதற்கு அவர்களுக்கு 46 ஆண்டுகள் ஆயின.

படுகளம்: விளையாட்டு இல்லாத விளையாட்டு

பாத்திரம் ஏற்பது என்றால் மேசையும் பகடையும்தான் என்று நினைக்காதீர்கள். கொங்குக் கிராமங்களில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடி வரும்போது ஒரு நாள் படுகளம் வரும். அண்ணன்மார் போரில் விழும் கட்டம். பாட்டு ஏற ஏறக் கூட்டத்தில் சிலருக்கு அருள் வந்து, செத்தவர்களாகவே கீழே விழுவார்கள். அவர்களை வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்துவார்கள். பிறகு தங்காள் அண்ணன்மாரை எழுப்பியது போலத் தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். திருச்சி மாவட்டம் மணப்பாறை பக்கத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவில் வேடபரி நடக்கும்போது கொங்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கூட்டம் கூடும்.

நாமக்கல் பக்கத்தில் உழுகிறவர், லாரி ஓட்டுகிறவர், கடை வைத்திருப்பவர் சில நிமிடங்கள் செத்த வீரனாகக் கிடந்து எழுந்து, மறுநாள் காலை வேலைக்குப் போகிறார். இதை விளையாட்டு என்று சொன்னால் அடிக்க வருவார்கள், சரிதான். பக்தர்களுக்கு அது வேடம் இல்லை, வழிபாடு. ஆனால் அன்றாடமும் அதிசயமும் ஒரே உடம்பில் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வியப்பு என்னவென்றால், கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1999-ல் வந்த 'கிங் ஆஃப் டிராகன் பாஸ்'. கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய குளோரந்தா என்ற கற்பனை உலகத்தில் நடப்பது. அதில் நீங்கள் தனி வீரன் இல்லை, ஒரு குலத்தின் தலைமை. எத்தனை மாடு இருக்கிறது, எவ்வளவு நிலம் உழுவது, பக்கத்துக் குலம் மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று ஆண்டு முழுவதும் கவலை. மாயம் வேண்டுமானால் குலத்தில் ஒருவர் தெய்வத்தின் கதைக்குள் நுழைந்து, அந்தத் தெய்வம் செய்ததைத் தானும் செய்ய வேண்டும். கதை தெரியாமல் போனவர் தோற்றுத் திரும்புவார். மாட்டுக் கணக்கும் புராணமும் ஒரே திரையில். மேசை விளையாட்டு தொடங்கி 25 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் போய்ச் சேர்ந்த இடம், நம் உடுக்கைக்காரர்கள் எப்போதோ வந்து உட்கார்ந்திருந்த இடம்.

ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால்

நவீன காலத்தில் இந்தக் கதையை எடுத்தவர்கள் ஆளுக்கொரு விகிதம் வைத்தார்கள். பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்த மு. கருணாநிதி 'பொன்னர் சங்கர்' என்று எழுதியபோது அது சரித்திர நாவலாக மாறியது. அதை வைத்து 2011-ல் தியாகராஜன் இயக்க, பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்த படமும் வந்தது. பிரெண்டா பெக் எதிர்ப்பக்கம் போனார். தெய்வங்கள், சாபம், தவம் எல்லாவற்றையும் வைத்து 'தி லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா' என்று 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராக்கினார்.

சரித்திரமாக்குவதில் ஒரு நியாயம் உண்டு. பங்காளிச் சண்டை, நிலச் சண்டை, அரசியல் எல்லாம் தெளிவாகத் தெரியும். சாபம் என்று சொல்லி மனிதர்கள் செய்த அநியாயத்தை மூடி மறைக்க முடியாது. ஆனால் மாயத்தை முழுக்க எடுத்துவிட்டால் அந்த 16 ஆண்டுக்கு வேலை இல்லை, தாமரையின் 21 ஆண்டுகளுக்கு வேலை இல்லை, கொம்பன் வெறும் காட்டுப்பன்றி. காடு பேசிய ஒரே குரலும் போய்விடும். மறுபக்கம், வேலியையும் வறுத்த விதையையும் வள்ளத்தையும் எடுத்துவிட்டு மாயத்தை மட்டும் வைத்துக்கொண்டால் சங்கர் இன்னொரு சூப்பர்மேன். அவன் 16 வயதில் சாவதற்குக் காரணம் தெரியாது, காரணம் தெரியாத சாவுக்கு யாரும் அழ மாட்டார்கள்.

என்னோடு படிக்கிறவர்களில் சிலர் ஓய்வு நேரத்தில் விளையாட்டு செய்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாளையும் டிராகனையும் கடைசியில் வரையுங்கள். முதலில் ஓர் ஏரி வெட்டுங்கள். அந்தத் தண்ணீர் யாருக்கு முதலில் பாயும், யாருக்குக் கடைசியில், ஏரி வருவதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே என்று எழுதுங்கள். அளக்கும் வள்ளம் யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். கணக்கு நேராகாமல் உதைக்கும் இடம் ஒன்று வரும். உங்கள் கொம்பன் அங்கேயிருந்துதான் வர வேண்டும்.

உங்கள் ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி பாடப்பட்டால் எனக்குச் சொல்லுங்கள். முக்கியமாக வேட்டுவர் தரப்பிலிருந்து சொல்லப்பட்டதைப் பாட்டி தாத்தாவிடம் கேட்டவர்கள் இருந்தால். பேரேட்டின் அந்தப் பக்கம் என்னிடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.